திருவள்ளூர் மாவட்டக் கற்கருவிகள்

திருவள்ளூர் மாவட்டக் கற்கருவிகள் என்பன தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கொசத்தலையாற்றுப் படுகையில் கிடைக்கும் பழைய கற்கால வெட்டுங்கருவிகள் ஆகும். கைக்கோடரி, பிளக்கும் கருவி, சுரண்டும் கருவி, கூரிய செதில் முதலியன இவற்றுள் அடங்கும். இவற்றைச் சேகரிக்கும் பணி 1863ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்தின் வரலாற்றுக்கு முற்பட்ட கால ஆய்வுக்கு இச்சேகரிப்பே தொடக்கமாக அமைந்தது. இம்மாவட்டத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது.

இக்கட்டுரை இக்கருவிகள் சேகரிக்கப்பட்ட வரலாற்றையும், அவற்றை இயற்கையாக உடைந்த கற்களிலிருந்து பிரித்து இனங்காணும் முறைகளையும் விளக்குகிறது.

பெயர்

கைக்கோடரி என்னும் பெயர் பொருள் மயக்கம் தரக்கூடியது. இக்கருவிக்குப் பிடி பொருத்தப்பட்டதற்குச் சான்று இல்லை. கையில் நேரடியாகப் பிடித்தே பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படுகிறது. இறைச்சியை அறுத்தல், தோலை உரித்தல், மரத்தைச் செதுக்கல், கிழங்கு தோண்டல் எனப் பல வேலைகளுக்கு உதவிய இதனைக் கோடரி என்பதைவிடக் கத்தி என்பதே பொருந்தும். எனினும் பழைய பெயரே நூல்களில் நிலைத்துவிட்டது.

கைக்கோடரியை முதன்மைக் கருவியாகக் கொண்ட கருவிமரபு அச்சூலியன் எனப்படுகிறது. பிரான்சின் அமியான் நகரையடுத்த செயிண்ட் அச்சூல் என்னும் இடத்தின் பெயரிலிருந்து இச்சொல் உருவானது. தென்னிந்தியாவின் அச்சூலியன் கருவிமரபு நீண்ட காலம் 'மதராஸ் கருவிமரபு' என்றும் அழைக்கப்பட்டது.

நிலவமைப்பும் மூலக்கல்லும்

இக்கருவிகளில் பெரும்பாலானவை குவார்ட்சைட்டு என்னும் கல்லால் ஆனவை. மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகுவதால் தோன்றும் கடினமான கல் இது. மாவட்டத்தின் மேற்கிலுள்ள அல்லிக்குழி மலைத்தொடரில், உருண்டு தேய்ந்த குவார்ட்சைட்டுக் கற்கள் ஒன்றோடொன்று இறுகிக் கூட்டுப்பாறைகளாகக் காணப்படுகின்றன. இப்பாறைகள் சிதைவடையும்போது கற்கள் விடுபட்டுச் சரிவுகளுக்கும் ஓடைகளுக்கும் வருகின்றன. கருவி செய்தோருக்கு இக்கற்களே மூலப்பொருளாயின. குடியம் குகைகளும் இம்மலைத்தொடரிலேயே உள்ளன.

சமவெளியில் இக்கருவிகள் செம்பூராங்கல் (லேட்டரைட்டு) சரளைப் படிவுகளிலும், களிமண் படிவுகளிலும், மழைநீர் அரித்த ஓடைக் கரைகளிலும் கிடைக்கின்றன. அத்திரம்பாக்கம், வடமதுரை, குடியம், பூண்டி நீர்த்தேக்கச் சுற்றுப்புறம் ஆகியன இவை கிடைக்கும் முக்கிய இடங்களாகும்.

சேகரிப்பின் வரலாறு

ஃபூட்டும் கிங்கும்

இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912) இங்கிலாந்தில் பிறந்த நிலவியலாளர். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். அக்காலத்தில் பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் பூசே டி பெர்த் கண்டெடுத்த கற்கருவிகள் மனிதர் செய்தவையே என்பதை பிரிட்டிசு அறிஞர்கள் 1859இல் ஏற்றுக்கொண்டிருந்தனர். இச்செய்தியை அறிந்திருந்த ஃபூட், தென்னிந்தியாவிலும் அத்தகைய கற்கள் கிடைக்கலாம் என எதிர்பார்த்தார்.

1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை தோண்டப்பட்ட குழி ஒன்றில் அவர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஃபூட்டும் அவருடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டனர். பல்லாவரத்துக் கருவி தனித்த ஒரு பொருளாக இருந்தது. அத்திரம்பாக்கத்தில் பல கருவிகள் ஒரே இடத்தில், குறிப்பிட்ட நிலப்படிவுகளோடு தொடர்புற்றுக் கிடைத்தன. தாம் கண்ட இடங்களையும் படிவுகளையும் ஃபூட் 1866இல் வெளியான கட்டுரையில் விரிவாகப் பதிவு செய்தார்.

ஃபூட் ஒரு நிலவியலாளர் என்பது இங்கு முக்கியமானது. கல்லின் அழகைக் காட்டிலும், அது எந்தப் படிவிலிருந்து வந்தது என்பதையே அவர் முதலில் நோக்கினார். இப்பழக்கத்தின் காரணமாகவே அவரது சேகரிப்பு இன்றளவும் ஆய்வுக்குப் பயன்படுகிறது.

ஃபூட் தொகுப்பு

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் ஃபூட் தென்னிந்தியாவின் பல பகுதிகளிலும் மேற்கு இந்தியாவிலும் சேகரித்த பொருட்களை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. இத்தொகுப்பின் விளக்கப் பட்டியல் அவரது மறைவுக்குப் பின் 1914இலும், பொருட்களின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகள் 1916இலும் வெளியாயின. இடம், கல்வகை, கருவியின் வடிவம் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் இப்பட்டியல், இந்தியாவில் கற்கருவிகளை இனங்காண விரும்புவோருக்கு முதல் வழிகாட்டியாக அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டு

1930களில் எல்மட் டி டெர்ரா, டி. டி. பேட்டர்சன் ஆகியோர் இப்பகுதியை ஆராய்ந்தனர். அவர்களது நூல் 1939இல் வெளியானது. வடமதுரையில் கிடைத்த கருவிகளைப் பேட்டர்சன் அவற்றின் மேற்படலத்தைக் கொண்டு பிரித்தார். வெளிறிய தடித்த படலம் உடையவை பழையவை. செம்பூராங்கல்லின் செந்நிறம் ஏறியவை அடுத்தவை. படலம் அற்றவை பிந்தியவை என்பது அவரது முடிவு. வி. டி. கிருஷ்ணசாமி மதராஸ் கருவிமரபு பற்றி எழுதிய ஆய்வுகளும் குறிப்பிடத்தக்கவை. 1960களின் முற்பகுதியில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் கே. டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் குடியத்திலும் அகழாய்வு நடத்தினார்.

அத்திரம்பாக்கம் அகழாய்வு

1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் தலைமையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் அத்திரம்பாக்கத்தில் விரிவான அகழாய்வை மேற்கொண்டது. இதில் எட்டுப் படிவுகள் இனங்காணப்பட்டன. அடியிலிருந்த களிமண் படிவு பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரீத்தேசியக் காலத்தது என்று முன்பு கருதப்பட்டது. ஆகவே அதற்குள் கருவிகள் இருக்க இயலாது என எண்ணப்பட்டது. ஆனால் தோண்டியபோது அக்களிமண்ணுக்குள்ளேயே அச்சூலியன் கருவிகள் வெளிப்பட்டன. களிமண்ணின் காலம் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது இதனால் தெளிவாயிற்று. விலங்குகளின் பற்புதைபடிவங்கள் சிலவும் இங்கு கிடைத்தன.

இப்படிவுகளின் காலம் இருவழிகளில் கணிக்கப்பட்டது. முதலாவது, படிவுகளில் பதிந்துள்ள புவிக்காந்தத் திசை. இது இன்றைய திசைக்கு எதிராக இருந்ததால், கருவிகள் குறைந்தது 10.7 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று முடிவு செய்யப்பட்டது. இரண்டாவது, கருவிக் கல்லிலேயே உள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய அணுவகைகளின் விகிதம். கல் நிலப்பரப்பில் கிடக்கும்போது அண்டக்கதிர்களால் இவை அதில் உருவாகின்றன. மண்ணில் ஆழப் புதைந்தபின் புதிதாக உருவாவது நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. ஆகவே விகிதத்தைக் கொண்டு கல் புதைந்த காலத்தை அறியலாம். இம்முறையில் சராசரியாக 15.1 இலட்சம் ஆண்டுகள் எனப் பெறப்பட்டது. இம்முடிவுகள் 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயின.

மேற்படிவுகளில் கைக்கோடரிகள் குறைந்து, செதில்களாலான சிறிய கருவிகள் மிகுந்து காணப்படுகின்றன. இவை இடைப் பழைய கற்காலத்தவை. இம்மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018இல் 'நேச்சர்' இதழில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இக்கருவிமரபு இதைவிட மிகவும் பிந்தியே தோன்றியது என்னும் கருத்தை இது மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. இவ்விடத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. எனவே இக்கருவிகளைச் செய்தவர் எந்த மனித இனத்தினர் என்பது முடிவாகவில்லை.

கருவி வகைகள்

கைக்கோடரி: இருபக்கமும் செதுக்கப்பட்டது. ஒரு முனை கூராகவும் மறுமுனை தடித்தும் இருக்கும். பேரிக்காய், முட்டை, இதயம், ஈட்டிமுனை போன்ற வடிவங்களில் காணப்படும். பல 10 முதல் 20 செ.மீ. வரை நீளமுள்ளவை.

பிளக்கும் கருவி: கைக்கோடரியின் அளவுடையது, கூர்முனைக்குப் பதிலாக உளி போன்ற அகன்ற வெட்டுவிளிம்பைக் கொண்டது. இவ்விளிம்பு பின்னர் செதுக்கப்படாமல், பெரிய செதில் உடைந்தபோதே கிடைத்த கூர்மையோடு விடப்பட்டிருக்கும். இதுவே இதன் முக்கிய அடையாளம்.

வெட்டும் கருவி: கூழாங்கல்லின் ஒரு விளிம்பில் மட்டும் சில செதில்களைப் பெயர்த்து ஆக்கப்பட்டது. எஞ்சிய பகுதியில் கல்லின் இயற்கையான தோல் அப்படியே இருக்கும்.

சுரண்டும் கருவி: செதிலின் விளிம்பைச் சிறுசிறு தட்டல்களால் உறுதிப்படுத்தி ஆக்கப்பட்டது. தோலையும் மரத்தையும் சுரண்ட உதவியது.

லெவல்லுவா செதில்: கல்லை முன்கூட்டியே வடிவமைத்துக்கொண்டு, ஒரே அடியில் விரும்பிய வடிவில் பெயர்க்கப்பட்ட செதில். இதன் முதுகில் முன்தயாரிப்பின் வடுக்கள் தெரியும். இது இடைப் பழைய கற்காலத்துக்குரியது.

நீள்செதில்: அகலத்தைப்போல் குறைந்தது இருமடங்கு நீளமும், ஏறத்தாழ இணையான இரு கூர்விளிம்புகளும் உடையது. கத்தியின் அலகை மிகவும் ஒத்தது.

கருக்கல்: செதில்கள் பெயர்க்கப்பட்டபின் எஞ்சிய கல். இது கருவி அன்று. எனினும் கருவி செய்த முறையை அறிய இன்றியமையாதது.

இனங்காணல்

மனிதர் உடைத்த கல்

ஆற்றில் உருளும் கற்களும், வெயிலில் வெடிக்கும் கற்களும் இயற்கையாகவே உடைகின்றன. ஆகவே கூரான விளிம்பு ஒன்றைமட்டும் கொண்டு ஒரு கல்லைக் கருவி எனக் கூறலாகாது. மனிதர் ஒரு கல்லைச் சுத்தியல் கல்லால் தட்டிச் செதில் பெயர்க்கும்போது பின்வரும் அடையாளங்கள் தோன்றுகின்றன:

- தட்டுமுகம்: அடி விழுந்த சிறிய தட்டையான பகுதி. செதிலின் ஒரு முனையில் இருக்கும்.
- குமிழ்ப்புடைப்பு: அடி விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே செதிலின் உட்பக்கத்தில் காணப்படும் புடைப்பு.
- அலைவரிகள்: நீரில் கல்லெறிந்தாற்போல், அடி விழுந்த இடத்திலிருந்து விரியும் வளைகோடுகள்.
- செதில் வடு: பெயர்ந்த செதில், மூலக்கல்லில் விட்டுச்செல்லும் பள்ளம். குமிழ்ப்புடைப்புக்கு எதிரான குழிவு இதில் இருக்கும்.

குவார்ட்சைட்டு மணிமணியான தன்மை உடையதாதலால் இதில் அலைவரிகள் மங்கலாகவே தெரியும். கல்லைச் சாய்வான ஒளியில் திருப்பிப் பார்ப்பதும், விரலால் தடவிப் புடைப்பை உணர்வதும் பயனளிக்கும். இவ்வடையாளங்களுள் ஒன்று மட்டும் காணப்பட்டால் அது தற்செயலாக இருக்கலாம். பல வடுக்கள் ஒரே திட்டத்தைப் பின்பற்றி விளிம்பைச் சுற்றி இருபக்கமும் அமைந்திருப்பின், அது மனிதர் செய்தது என்று உறுதியாகக் கூறலாம்.

தேய்மானமும் மேற்படலமும்

வடுக்களுக்கு இடையேயுள்ள வரம்புகள் கூர்மையாக இருந்தால், கருவி செய்யப்பட்ட இடத்திலோ அதற்கு அண்மையிலோ புதைந்தது எனலாம். அவை மழுங்கியிருந்தால் நீரால் அடித்து வரப்பட்டிருக்கலாம். மண்ணில் உள்ள இரும்புச்சத்து ஏறிச் சிவந்த மேற்படலம், செம்பூராங்கல் சரளையில் நீண்டகாலம் கிடந்ததைக் காட்டுகிறது. அண்மையில் உடைந்த இடம் படலமின்றி வேறு நிறத்தில் தெரியும்.

எனினும் மேற்படலம் கடிகாரம் அன்று. ஒரே காலத்தில் செய்த இரு கருவிகள், ஒன்று களிமண்ணிலும் மற்றொன்று சரளையிலும் கிடந்தால் வெவ்வேறு நிறம் பெறும். பேட்டர்சனின் பகுப்பு அக்காலத்தில் பயனுள்ளதாக இருந்தபோதிலும், படலத்தை மட்டும் கொண்டு காலம் கணிப்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

தவறாக இனங்காணப்படுபவை

சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இடப்படும் சல்லிக்கற்களே மாணவர்களை மிகுதியும் ஏமாற்றுபவை. பொறியில் நசுக்கப்பட்ட இவற்றிலும் தட்டுமுகமும் குமிழ்ப்புடைப்பும் இருக்கக்கூடும். ஆனால் விளிம்புகள் ஒழுங்கின்றியும் உடைப்புகள் புதியனவாகவும் இருக்கும். கல் அப்பகுதிக்கு உரியதா என்பதையும் கவனிக்க வேண்டும். வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கோடரிகள் புதிய கற்காலத்தவை. இவற்றைக் கைக்கோடரியோடு குழப்பிக்கொள்ளலாகாது.

இருப்பிடத்தின் இன்றியமையாமை

வடிவம் ஒரு கருவியின் வகையைக் கூறும், காலத்தைக் கூறாது. அத்திரம்பாக்கத்தில் களிமண் படிவினுள் கிடைத்த கைக்கோடரியையும், அதே ஊரின் ஓடையில் கிடக்கும் கைக்கோடரியையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாமல் போகலாம். முதலாவதன் காலத்தைக் கூற முடிவது, அது கிடந்த படிவும் ஆழமும் அறியப்பட்டதனாலேயே. இரண்டாவது, அரிப்பால் எந்தப் படிவிலிருந்தும் வந்திருக்கலாம்.

அழகிய கருவிகளை மட்டும் பொறுக்கி எடுப்பதும் இத்தகைய இழப்பையே உண்டாக்கும். அத்திரம்பாக்கத்தின் கீழ்ப்படிவுகளில் பெரிய செதில்களைப் பெயர்ப்பதற்கான பெருங்கருக்கற்கள் காணப்படவில்லை. ஆகவே பெரிய செதில்கள் வேறிடத்தில் பெயர்க்கப்பட்டு, இங்குக் கொண்டுவந்து முடிக்கப்பட்டன என ஆய்வாளர்கள் விளக்கினர். 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் தமது தேவையை முன்கூட்டியே எண்ணிச் செயற்பட்டதைக் காட்டும் சான்று இது. உடைந்த துண்டுகளையும் விடாமல் எண்ணியதாலேயே இம்முடிவு கிடைத்தது.

இக்காரணங்களால் நிலத்தில் ஒரு கருவியைக் காண்போர் அதனை எடுக்காமல், அளவுகோல் வைத்து ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிப்பதே முறையாகும்.

பழைய குறிப்புச்சீட்டுகள்

அருங்காட்சியகங்களில் உள்ள பழைய கருவிகளின் குறிப்புச்சீட்டுகளைப் படிப்பதும் இனங்காணலின் ஒரு பகுதியே. ஃபூட்டின் 1866 கட்டுரை 'மதராஸ் மாவட்டம்' எனக் குறிக்கும் ஊர்கள் பின்னர் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. திருவள்ளூர் மாவட்டம் 1997இலேயே தனியாக அமைந்தது. திருத்தணிப் பகுதி 1960 வரை ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. கொசத்தலையாறு பழைய நூல்களில் கொற்றலையாறு, கோர்த்தலையாறு எனப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. இம்மாற்றங்களை அறியாவிடின், ஒரே இடத்தில் கிடைத்த பொருட்கள் வெவ்வேறு இடத்தவையாகத் தோன்றும்.

ஸ்காண்டினேவியக் கற்குத்துவாள்களுடன் ஒப்பீடு

தொல்பொருட்களைக் கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என மூன்றாகப் பகுக்கும் முறையை டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் தாம்சன் 1836இல் வெளியான நூலில் விளக்கினார். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்திருந்த பொருட்களை ஒழுங்குபடுத்த முயன்றதிலிருந்தே இம்முறை பிறந்தது.

ஸ்காண்டினேவியாவின் கற்குத்துவாள்கள் சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. எப்ப லோம்போர்க் 1973இல் இவற்றைப் பிடியின் அமைப்பு முதலியவற்றைக் கொண்டு ஆறு வகைகளாகப் பிரித்தார். இவற்றுள் புகழ்பெற்ற ஹின்ட்ஸ்காவ்ல் குத்துவாள் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் 1 செ.மீ.க்கும் குறைந்த தடிப்பும் உடையது. டென்மார்க்கின் 2009 வரிசை 100 குரோனர் நாணயத்தாளில் இடம்பெற்றுள்ளது. இக்குத்துவாள்கள் நான்காயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னானவை. சில நூறு ஆண்டுகளுக்குள் வடிவம் விரைந்து மாறியதால், அங்கு வடிவமே காலத்தைக் காட்டுகிறது. கைக்கோடரியின் அடிப்படை வடிவமோ பல இலட்சம் ஆண்டுகள் மாறாமல் தொடர்ந்தது. எனவே திருவள்ளூர்க் கருவிகளை இனங்காண்பதில் வடிவத்தைக் காட்டிலும் படிவு முதன்மை பெறுகிறது.

சட்டம்

1958ஆம் ஆண்டின் தொல்பழஞ்சின்னங்கள், தொல்லியல் களங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றித் தோண்டுதல் குற்றமாகும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது; அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் பெறவேண்டும் என்றும் விதிக்கிறது.

அச்சுறுத்தல்கள்

கருவிகள் கிடைக்கும் செம்பூராங்கல் சரளை, சாலைகளுக்கும் கட்டட மனைகளை நிரப்புவதற்கும் ஏற்ற பொருளாகும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உட்பட, சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் தொழிற்சாலைகள் பெருகியதால் நிரப்புமண்ணுக்கான தேவையும் பெருகியது. சரளை தோண்டிய குழியே 1863இல் முதல் கருவியை வெளிப்படுத்தியது. அக்குழியருகே படிவைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒருவர் இருந்தார் என்பதே வேறுபாடு. பொறிகளால் அள்ளப்பட்டு வேறிடத்தில் கொட்டப்படும் சரளையில் கருவிகள் அழியாமல் தப்பினாலும், அவை எங்கிருந்து வந்தன என்பதை மீட்டறிய இயலாது. மழைநீர் அரிப்பும் உழவும் மேற்படிவுகளைக் கலைத்துவிடுகின்றன.

காட்சியிடங்கள்

ஃபூட் தொகுப்பு சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு உரியது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பூண்டியில் 1985இல் வரலாற்றுக்கு முற்பட்ட கால அகழ்வைப்பகம் ஒன்றை அமைத்தது. நீர்த்தேக்கத்தின் அருகே அமைந்துள்ள இதில், சுற்றுவட்டாரத்தில் கிடைத்த கைக்கோடரிகளும் பிற கருவிகளும் வைக்கப்பட்டுள்ளன. கருவிகள் கிடைத்த நிலப்பகுதியையும் கருவிகளையும் ஒரே பயணத்தில் காணும் வாய்ப்பை இவ்விடம் அளிக்கிறது.